பல் மருத்துவம் படிக்கப் பிள்ளையை அனுப்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈசூனில் ஒரு பல் மருந்தகத்தில் 13 ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். தமிழ்நாட்டில் பிடிஎஸ் என்ற பல் மருத்துவப் பட்டப்படிப்பைப் படித்தவள். அங்குள்ள பதிவேட்டில் இன்றும் பல் மருத்துவராக என் பெயர் இருக்கிறது. சிங்கப்பூரில் நான் பல் மருத்துவர் இல்லை. இந்த நிலை எப்படி வந்தது என்று நெருங்கிய சொந்தங்களிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. போன மாதம் நடந்த ஒன்று என்னை எழுத வைத்துவிட்டது.

சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் நின்ற அம்மாவும் மகளும் என்னுடன் பேச்சுக் கொடுத்தார்கள். மகள் தொடக்கக் கல்லூரி முடித்தவள். தேசியப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் கிடைக்கவில்லை. சென்னைப் பக்கம் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் முதல் தவணை கட்ட வேண்டும். "அஞ்சு வருஷம்தானே தங்கச்சி, முடிச்சுட்டு வந்தா இங்கேயே கிளினிக் வெச்சுக்கலாம்" என்றார் அந்த அம்மா.

நான் இரண்டே கேள்வி கேட்டேன். மகள் இந்தியாவின் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் எழுதியிருக்கிறாளா? அந்தக் கல்லூரியின் பட்டத்தை இங்கே ஏற்பார்களா என்று சிங்கப்பூர் பல் மருத்துவ மன்றத்திடம் கேட்டீர்களா? இரண்டுக்கும் பதில் இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நீட் வேண்டாம் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். அது சரியில்லை. இந்தியாவில் பிடிஎஸ் சேர இந்தியர், வெளிநாடு வாழ் இந்தியர், வெளிநாட்டவர் எல்லாருக்கும் நீட் உண்டு. அதிலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். இங்கே தொடக்கக் கல்லூரியில் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு அறிவியல் பாடம்தான் எடுக்கிறார்கள். இந்தப் பெண் வேதியியலும் உயிரியலும் எடுத்தவள். இயற்பியல் உயர்நிலைப் பள்ளியோடு நின்றுவிட்டது. மேல்நிலையில் எடுக்காத அந்த ஒரு பாடமே அவளுக்குத் தடையாகலாம் என்று அன்றுவரை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சாப்பாடு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தபோது, நான் யார் என்பதையும் அவர்களிடம் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மாறியது. தன் மகளின் பத்து வருஷத்துக்குப் பிறகான வாழ்க்கை பக்கத்தில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிடுவது போல அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

என் கதை இதுதான். 2002ல் பிடிஎஸ் சேர்ந்தேன். நான்கு ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி. முதல் ஆண்டில் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கச் சொல்வார்கள். மேல் வரிசை முதல் கடைவாய்ப் பல்லின் மேடுகளும் பள்ளங்களும் கைக்குப் பழகும்வரை இரவு பன்னிரண்டு மணிக்கும் விடுதியில் செதுக்கிக்கொண்டிருப்போம். அந்த மெழுகுக் கத்திப் பெட்டியை அப்பா சென்னைக்கு வந்து வாங்கிக் கொடுத்தார். கல்லூரிக் கட்டணத்துக்காக ஊரில் ஒரு மா நிலத்தை விற்றிருந்தார். 2007ல் பயிற்சி முடிந்து, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்து, தஞ்சாவூரில் மூன்று ஆண்டு வேலை பார்த்தேன். பல் எடுப்பது, வேர் சிகிச்சை, பல் செட் கட்டுவது எல்லாம் செய்தேன். நாளுக்கு இருபது பேருக்குக் குறையாமல் வருவார்கள்.

2010ல் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூர். ஆலோசகர் ஒருவர், "இந்தியப் பட்டம் அங்கே செல்லும், ஆறு மாதத்தில் உரிமம் வந்துவிடும்" என்று எழுதியே கொடுத்தார். அதற்குக் கட்டணமும் வாங்கினார். இரு வீட்டாரும் நம்பினோம். 2011 ஜனவரியில் சார்ந்திருப்போர் அனுமதியில் வந்து இறங்கினேன். என் கல்லூரி ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லை என்பது மூன்றாவது வாரத்தில் தெரிந்தது. அந்தப் பட்டியலை எடுத்துப் படிக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அந்த அரை மணி நேரத்தைச் செலவிட்டிருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன். கல்யாணத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எதற்குள் வருகிறேன் என்று தெரிந்தே வந்திருப்பேன்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று நம் வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல் மருத்துவப் பதிவுச் சட்டம் 1999ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்கீழ் இயங்குவது சிங்கப்பூர் பல் மருத்துவ மன்றம். பதிவேட்டை வைத்திருப்பது அந்த மன்றம்தான். பதிவுக்கு ஏற்கப்படும் பட்டங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. வெளிநாட்டில் படித்துவிட்டு வருபவர்களுக்குப் பொதுவாக முதலில் கிடைப்பது நிபந்தனையுடன் கூடிய பதிவு. மன்றம் ஒப்புக்கொண்ட இடத்தில், முழுப் பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில்தான் அவர்கள் வேலை செய்ய வேண்டும். பதிவு மட்டும் போதாது. நடப்பில் உள்ள தொழில் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். நிபுணர் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் அதற்குத் தனிப் பதிவேடு. இவை எல்லாம் ஆளுக்கு உரியவை. மருந்தகம் நடத்துவதற்குச் சுகாதார அமைச்சிடம் இன்னோர் உரிமம் வாங்க வேண்டும். முன்பு வேறொரு சட்டத்தின்கீழ் இருந்தது, 2023லிருந்து 2020ஆம் ஆண்டின் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் வருகிறது. "முடிச்சுட்டு வந்து கிளினிக் வெச்சுக்கலாம்" என்று அந்த அம்மா ஒரே மூச்சில் சொன்னதற்குள் இத்தனை படிகள் இருக்கின்றன.

சிங்கப்பூர்க் குடிமக்கள் என்பதால் பட்டமும் தானாகவே ஏற்கப்பட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அடையாள அட்டையின் நிறம் வேறு விஷயம், பட்டம் வேறு விஷயம்.

இதை எல்லாம் சொன்னால், "உன்னை மாதிரிப் படிச்சவங்களை உதவியாளரா வெச்சிருக்காங்களே, இது அநியாயம் இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. முதல் இரண்டு ஆண்டு நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் புளோக்கில் ஆறாம் மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். அவர் கணவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். நான் பல் டாக்டருக்குப் படித்தவள் என்று எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் மாலை கதவைத் தட்டினார். கீழே முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. "ஆடுற பல்லுதானேம்மா, ஒரு இழு இழுத்து விட்டுடு. இதுக்குப் போய் நான் பஸ் ஏறி, நம்பர் எடுத்து, உக்காந்து கெடக்கணுமா?" என்றார். பார்த்தேன். உண்மையிலேயே விரலால் எடுத்துவிடலாம். தஞ்சாவூரில் இதுபோல் நூறு எடுத்திருப்பேன்.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க பாட்டி?" என்று கேட்டேன். இரத்தக் கொதிப்புக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. "அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு, திங்கக்கிழமை காலையில வெறும் வயித்துல. அதைச் சாப்பிட்டுட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாதாம்." எனக்குப் புரிந்துவிட்டது. அது எலும்பு தேய்மானத்துக்கான மாத்திரை. அந்த வகை மருந்து சாப்பிடுபவர்களுக்குப் பல் எடுத்தால், அரிதாகத்தான் என்றாலும், தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து இருக்கிறது. எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறார், வேறு என்ன நோய் இருக்கிறது, எலும்பின் நிலை என்ன என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, "உனக்குத்தான் தெரிந்ததே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். தெரிந்தது உண்மை. ஆனால் பல்லை எடுத்து, மூன்று வாரம் கழித்து ஈறு மூடாமல் எலும்பு வெளியே தெரிந்தால், பாட்டி யாரிடம் போய் நிற்பார்? என் வீட்டில் அவருடைய சிகிச்சைக் குறிப்பு கிடையாது. எக்ஸ்ரே கிடையாது. என்மேல் புகார் கொடுக்க ஒரு மன்றம் கிடையாது, நான் அவர்கள் பதிவேட்டிலேயே இல்லாதவள். ஏதாவது ஆனால் அவரைக் காக்க ஒருவரும் இல்லை. உரிமம் என்றால் திறமைக்குக் கொடுக்கும் பரிசு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தவறு நடந்தால் இந்த ஆள் பதில் சொல்லியாக வேண்டும் என்று நோயாளிக்கு முன்கூட்டியே கொடுத்து வைக்கும் பிணை அது என்பது அந்தப் பாட்டியின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

பாட்டி கோபித்துக்கொண்டுதான் போனார். மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்து, மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். அங்கிருந்த பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு மாத்திரை பற்றி இரண்டு முறை கேட்டு, பாட்டியின் டாக்டரிடமும் விசாரித்த பிறகே, வேறொரு நாளில் பல்லை எடுத்தார். புண் நன்றாக ஆறியது. அதற்குப் பிறகுதான் பாட்டி என்னிடம் பேச ஆரம்பித்தார். முன்னோடித் தலைமுறை அட்டை வைத்திருப்பவருக்கு, அரசாங்கத்தின் சாஸ் மருத்துவ உதவித் திட்டத்தில் சேர்ந்த தனியார் பல் மருந்தகங்களிலும் கழிவு உண்டு என்பது அவருக்கு அன்றுவரை தெரியாது. ஆறாம் மாடிப் பாட்டியைப் போல எத்தனை பேருக்குத் தெரியாமல் இருக்கிறதோ.

இன்னொரு முறை, என் கணவருடன் வேலை பார்க்கும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் கன்னம் வீங்கி வந்து நின்றார். தங்கும் விடுதியில் யாரோ கொடுத்த மாத்திரையைப் பாதி பாதியாக நான்கு நாள் சாப்பிட்டிருக்கிறார். "அக்கா, ஒரு சீட்டு எழுதித் தாங்க போதும்" என்றார். எழுத முடியாது, எழுதவும் கூடாது. அன்று ஞாயிற்றுக்கிழமை. திறந்திருந்த ஒரு மருந்தகத்துக்கு அவரைக் கூட்டிப் போனோம். சீழ் வெளியேறாமல் மாத்திரை மட்டும் போட்டால் வலி அடங்குவது போல இருக்கும், வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்கினால் மூச்சுக்கே ஆபத்து. இதை நம் ஊழியர் தம்பிகள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, உரிமம் வாங்குவதைப் பற்றிச் சொன்னேன். அதைக் காப்பாற்றி வைத்திருப்பதும் சின்ன விஷயம் இல்லை. அதை நான் தினமும் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

எங்கள் டாக்டர் அறுபதைத் தாண்டியவர். இங்கேயே படித்தவர். இங்கே பல் மருத்துவக் கல்வி 1929ல் கிங் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது, இன்று தேசியப் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது என்பதை அவர்தான் சொன்னார். தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டுமானால் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும். இரண்டு ஆண்டுக் கணக்கு. அந்தக் காலத்துக்குள் விரிவுரை, செய்முறைப் பயிற்சி, மாநாடு என்று போய் எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். சனிக்கிழமை பிற்பகல் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு, ஒரு ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டே விரிவுரைக்குக் கிளம்புவார். முப்பத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர், இருபத்தெட்டு வயதுப் பெண் மருத்துவர் ஒருவர் நடத்திய வேர் சிகிச்சை வகுப்பிலிருந்து திரும்பி வந்து, "நான் இத்தனை நாள் பல் வேரின் உள்ளே கழுவிக்கொண்டிருந்த முறை போதாது" என்று சொல்லி, திங்கட்கிழமையே புது ஊசிமுனைகள் வாங்கச் சொன்னார். கட்டாயம் இல்லையென்றால் அந்த வகுப்புக்குப் போயிருப்பாரா என்று கேட்டேன். "போயிருக்க மாட்டேன்" என்றார். அன்று எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழும் இரண்டு ஆண்டில் காலாவதியாகும். அதற்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்தே போவோம். பொம்மையின் நெஞ்சை அழுத்தும்போது டாக்டருக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் எண்ணிக்கையை விடமாட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் ஒன்று சொன்னார்: நோயாளிகள் முன்னால் யாரும் உன்னை டாக்டர் என்று கூப்பிடக் கூடாது. அன்று கழிவறையில் போய் அழுதேன். இப்போது அது எவ்வளவு சரி என்று தெரிகிறது. நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவருக்கு, தன் வாய்க்குள் கை வைக்க யாருக்கு அனுமதி இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதில் குழப்பமே இருக்கக் கூடாது. நான் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பேன், நாக்கையும் கன்னத்தையும் விலக்கிப் பிடிப்பேன், அச்சு எடுக்கும் மாவைக் கலப்பேன், கருவிகளைக் கழுவி உறையில் போட்டு 134 டிகிரி நீராவியில் ஏற்றுவேன், உறையின் மேலுள்ள குறி நிறம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். டாக்டர் கையை நீட்டினால் எந்தக் கொறடு என்று கேட்காமலே வைத்துவிடுவேன். என் படிப்பு வீணாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஏற்பதில்லை.

அந்தக் கருவி உறைகளை நினைக்கும்போது, இப்போது கைபேசியில் வரும் விளம்பரங்கள்தான் பயமுறுத்துகின்றன. வீட்டிலேயே பிரேசஸ் என்ற பல் கம்பி மாட்டித் தருகிறோம், வெனீர் என்ற மெல்லிய பல் உறை ஒட்டித் தருகிறோம், வெண்மையாக்கித் தருகிறோம் என்கிறார்கள். விலை குறைவு. நம் பிள்ளைகளும் போகிறார்கள். பல் மருத்துவராகப் பதிவு இல்லாத ஒருவர் பல் மருத்துவம் பார்ப்பது இங்கே குற்றம். வெண்மையாக்கும் மருந்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலே அது பல் மருத்துவர் வழியாகத்தான் வர வேண்டும். பசை வைத்து ஒட்டிய கம்பி பல்லை நகர்த்தினால் அது எங்கே போய் நிற்கும் என்று யார் பார்ப்பது? ஒருவருக்குப் பயன்படுத்திய கருவியைக் கொதிநீரில் முக்கி அடுத்தவர் வாயில் வைத்தால் கல்லீரல் அழற்சிக் கிருமி போய்விட்டது என்று நம்ப முடியாது. பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயரைத் தட்டினால் போதும். பல்லைக் காட்டுவதற்கு முன் தயவுசெய்து பெயரைத் தேடிப் பாருங்கள்.

என்னைப் போல் இங்கே வந்திருக்கும் பிடிஎஸ் படித்த தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஈசூன், செங்காங், பொங்கோல் பக்கம் மட்டுமே நான்கைந்து பேரை எனக்குத் தெரியும். ஊரில் உள்ள பதிவை விட்டுவிடாதீர்கள். இந்தியாவின் பல் மருத்துவர் சட்டம் 1948லேயே வந்தது. பதிவேட்டில் பெயர் நிற்கப் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதும், கட்டாவிட்டால் பெயர் எடுக்கப்படும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. நான் முதல் பிரசவத்தில் அதை மறந்துவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்துத்தான் நினைவு வந்தது. அண்ணன் திருச்சியிலிருந்து இரண்டு முறை சென்னைக்குப் போய் அலைந்து, நிலுவையைக் கட்டி, பெயரைத் திரும்பச் சேர்த்தார். பிறகு எந்த நாட்டில் எந்தத் தேர்வுக்குப் போனாலும், நற்சான்றிதழ் கேட்பார்கள். நீங்கள் பதிவு செய்திருக்கும் கவுன்சில்தான் அதைத் தர முடியும். அதுவும் சில மாதங்களுக்கே செல்லும். பதிவே இல்லையென்றால் அந்தச் சான்றிதழுக்கு எங்கே போவீர்கள்?

என் விடுதி அறைத்தோழி ஒருத்தி ஆஸ்திரேலியாவில் எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டையும் முடித்து இப்போது அங்கே மருத்துவராக இருக்கிறாள். இன்னொருத்தி பிரிட்டனில். வெளிநாட்டில் படித்தவர்களுக்கான பதிவுத் தேர்வு அங்கே இரண்டு பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு முறைதான் வாய்ப்பு. முதல் பகுதியை முதன்முறை எழுதியதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் இரண்டாம் பகுதியை முடிக்க வேண்டும். அவளுக்குத் தேர்வு கடினமாகத் தெரியவில்லை, தேர்வில் உட்கார ஓர் இடம் கிடைப்பதுதான் கடினமாக இருந்தது. இடம் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்று இரவெல்லாம் கணினி முன்னால் இருந்திருக்கிறாள். இருவருமே ஊர்ப் பதிவை ஒரு வருஷம்கூட விடாதவர்கள். ஆனால் ஒரு நாட்டில் தேறினால் இன்னொரு நாட்டுக் கதவும் திறக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொரு நாட்டுப் பதிவேடும் தனி.

நான் அந்த வழிகளில் போகவில்லை. பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், இவருக்கு இங்கே வேலை, நாங்கள் நிரந்தரவாசிகள். ஒவ்வொரு டிசம்பர் விடுமுறையிலும் பத்து நாள் தஞ்சாவூரில் தோழியின் மருந்தகத்தில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கிறேன். அங்கே என் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, எனவே பார்க்கலாம். முதல் நாள் கை கொஞ்சம் தயங்கும். மூன்றாம் நாள் பழைய கை வந்துவிடும். திரும்பி வந்து ஈசூனில் மறுபடி உறிஞ்சுகுழாயைப் பிடிக்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு ஆண்டும் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வரும் நாள்களில், வெளிநாட்டில் மருத்துவம், பல் மருத்துவம் படிக்க இடம் வாங்கித் தருவதாகச் சொல்பவர்கள் நம் வீடுகளைத் தேடி வருகிறார்கள். அந்த நேரத்தில், மன்றத்தின் அதிகாரி ஒருவரிடம் பேசி, எந்தப் பட்டங்கள் ஏற்கப்படுகின்றன, பட்டியலை எங்கே பார்ப்பது, நிபந்தனையுடன் கூடிய பதிவு என்றால் என்ன என்று தமிழில் ஒரு பக்கம் வெளியிடுங்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்துக்கொள்வார்கள். ஆனால் பணம் கட்டுவது பெற்றோர். நகை அடகு வைப்பதும் ஊர் நிலத்தை விற்பதும் அவர்கள்தான். அவர்களுக்கு அது தமிழில் எட்ட வேண்டும். பெற்றோரும், யார் என்ன சொன்னாலும், கல்லூரிப் பெயரையும் பட்டத்தின் பெயரையும் குறிப்பிட்டு மன்றத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் மாறக்கூடியது. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சொன்ன பதில் இந்த வருஷம் உங்கள் மகளுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

பல் மருத்துவர் ஆனால்தான் பல் துறையில் இருக்க முடியும் என்பதும் இல்லை. நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வாய்நலச் சிகிச்சையாளர் படிப்பு இருக்கிறது. மூன்று ஆண்டு. அவர்களுக்கும் மன்றத்தில் தனிப் பதிவு உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்வது, அடைப்பது, பால் பல் எடுப்பது எல்லாம் அவர்கள் செய்கிறார்கள். என் மகன் தொடக்கப்பள்ளியில் இருந்தபோது அவன் பல்லைப் பார்த்தது அப்படி ஒரு சிகிச்சையாளர்தான். கை அவ்வளவு மென்மை.

கோயிலில் பார்த்த அந்த அம்மா போன வாரம் அழைத்திருந்தார். முதல் தவணையைக் கட்டவில்லையாம். மகள் மன்றத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறாள். நன்யாங்குக்கும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பல் வேலைக்குத் தன் கை ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று அந்தப் பெண்ணே என்னிடம் கேட்டாள். வரும் சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அப்பா வாங்கித் தந்த மெழுகுக் கத்திப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். மெழுகுக் கட்டி இங்கே எந்தக் கடையில் கிடைக்கும் என்றுதான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பல் மருத்துவ உதவியாளர்,
ஈசூன்